ஈரப் பெயிண்ட், உட்காராதீர்கள்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக நின்றுகொண்டிருப்பவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஷேடு அக்கா. 'இந்த நீலம் இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வேணும்' என்று வருகிறவர்களுக்குக்கூட முகம் சுளிக்காமல் கலந்து கொடுப்பாள். கால் கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், சோபாவில் மகள், சாய்வு நாற்காலியில் மாமனார், கட்டிலில் மாமியார், மிச்சமிருக்கும் ஸ்டூலில் கணவரின் ஹெல்மெட். யாரும் எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் உட்கார ஓர் இடம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்பக்கம் சும்மா கிடந்த மண்தரையில் மரத்தளம் போடத் துணிந்தாள். ஷேடு கார்டின் முதுகில் படம் வரைந்தாள். பத்தடிக்கு எட்டடி, சுவரோரம் ஒரு பெஞ்சு, சமையலறை ஜன்னல் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு மரத்தட்டி. படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்ததுதான் தாமதம், வீடே அதன்மேல் கவிழ்ந்துவிட்டது.

"மழைக்கு என் பைக்கை அங்க ஏத்திடலாம்" என்றார் கணவர்.

"துணி காயப்போட நாலு கொடி கட்டிக்கிறேன்" என்றார் மாமியார்.

மகள் டேபிள் டென்னிஸ் மேஜை போட இடம் கேட்டாள். மாமனார் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நல்ல மனுஷர் என்று ஷேடு அக்கா நினைத்துக்கொண்டாள்.

முடியாது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் அப்படிச் சொல்லிப் பழக்கமே கிடையாது. நேராகத் தச்சரிடம் போய்த் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னாள், பைக் ஒழிந்தது. முழுக்கத் தகரக் கூரை போட்டு வெயிலை மறைத்தாள், கொடி ஒழிந்தது. சுவரோரம் இருக்கவேண்டிய பெஞ்சை நட்டநடுவில் அடிக்க வைத்தாள். டேபிள் டென்னிஸும் போயிற்று. ஆனால் உட்கார வரும் ஆட்களை என்ன செய்வது?

அதற்குக் கணவரே வழி காட்டினார். பெஞ்சுக்குப் பச்சை அடித்த அன்றே, காயும் முன்னால், புதுப் பேன்ட்டோடு போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது பின்பக்கம் ஐந்து பட்டைக் கோடு. உடனே ஓர் அட்டையில் 'ஈரப் பெயிண்ட். உட்காராதீர்கள்' என்று எழுதித் தட்டியின் வெளிப்பக்கம் மாட்டினாள். ஆறு மணி நேரத்தில் காய்ந்துவிடும் பெயிண்ட் அது. அட்டை மூன்று மாதமாகத் தொங்குகிறது.

"இன்னுமா காயல?" என்பார் கணவர்.

"வெளில கிடக்குற மரம். உள்ளுக்குள்ள காயணும். மேல தொட்டுப் பார்த்தா தெரியாது."

பதினாறு வருஷ அனுபவத்தை யார் மறுத்துப் பேசுவது? வாசனைக்காக வாரம் ஒருமுறை பெஞ்சின் அடிப்பக்கம் ஒரு கோடு இழுத்துவிடுவாள், கள்ளி. தினமும் சாயங்காலம் "இன்னொரு கோட்டிங் குடுத்துட்டு வரேன்" என்று காலி டப்பாவும் பிரஷுமாகப் போய், தட்டி மறைவில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். பெஞ்சில் எறும்பு மட்டும் எங்கிருந்தோ வரிசை கட்டி வரும். அதைத் தட்டிவிட்டால் சொர்க்கம்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனால், மாட்டிய ஆணியில் அட்டையைக் காணோம். யாரோ தொட்டுப் பார்த்துவிட்டார்கள், நாளையிலிருந்து இங்கேயும் கூட்டம்தான் என்று பயந்துகொண்டே தட்டியைச் சுற்றிப் போனாள்.

பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர் விரித்து, அதன்மேல் அட்டையை வைத்து, பிரஷால் கறுப்புப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது வந்து..."

"எழுத்து மங்கிப்போச்சும்மா. நேத்து உன் மாமியார் இது காஞ்சிருக்கும்போலன்னு சொன்னா. அதான்."

அவருடைய வெள்ளைப் பேன்ட்டில் ஒரு சொட்டுப் பச்சை இல்லை. சட்டைப் பையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட். எறும்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"எப்ப இருந்து மாமா?"

"முதல் வாரத்துல இருந்து. நீ கடைக்குப் போனதும் வந்துருவேன். உன் நேரத்துக்கு முன்னாடி எந்திரிச்சிருவேன். இன்னைக்குத்தான் எழுத்து வேலை இழுத்துருச்சு."

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை.

சமையலறை ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அங்க பேச்சுக் குரல் கேக்குதே, காஞ்சிருச்சா இல்லையா?"

மாமனார் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, விரலில் ஒட்டிய ஈரப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டார்.

"கிட்ட வராத. இப்பதான் அடிச்சிருக்கு, ஈரமா இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.