மூன்று பெற்ற மலடி

“மூணு பெத்தவ வரேன், வழி வுடு!”

தலையில் சவுக்கு மிளாறுக் கட்டோடு மகாபலிபுரம் கடைத்தெருவில் நுழையும்போதே சந்திரம்மா இப்படித்தான் கூவுவாள். விறகு என்று கூவுவதில்லை. எண்ணெய் வைத்து வாரினாலும் கொண்டையில் நாலு சவுக்கு ஊசி நிற்கும். நாஸ்தா கடையிலிருந்து குரல் வரும்: “இன்னா மலடி, இன்னிக்கி கட்டு சின்னதா கீது?” கேட்பவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஊரில் அவளுக்கு அதுதான் பெயர்.

பெயர் வைத்தது அச்சரப்பாக்கத்து ராஜேந்திரன், முதல் புருஷன். ஐந்து வருஷம் பார்த்துவிட்டு அவளைத் துரத்தினான். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கட்டினான். அந்த வீட்டில் இன்றுவரை தூளி தொங்கவில்லை. மலடன் என்றும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அவன் தெருவில் அது யார் வாயிலும் வரவில்லை. சந்திரம்மாவோ சின்னராசுவைக் கட்டிக்கொண்ட மறுவருஷமே கண்ணகியைப் பெற்றாள். அப்புறம் இரண்டு பையன்கள்.

ஐம்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வாத்தியார் கோதண்டராமன் வந்தார். மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தினாள். “நல்லா எண்ணிக்க சாமி. சர்க்கார் காயிதத்துல ஏறட்டும்.” அவர் எண்ணினார், எழுதினார். தெருவில் இறங்கியதும் தலையாரியிடம் கேட்டார்: “அடுத்தது எது? மலடி வீட்டுக்கு வடக்கே இருக்கிறதா?”

அது அவள் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்துதான் அந்தக் கூவல்.

போன மாசம் கண்ணகிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளையின் தாய் தனகோடி மெதுவாக ஆரம்பித்தாள். “கோவிச்சிக்காத அண்ணி. மொத வளையல மட்டும் வேற யாராச்சும் போடட்டுமே. உனுக்கு அந்தப் பேரு கீதில்ல?”

“கீது. அந்தப் பேருகாரி வயித்துல பொறந்தவளத்தானே உம் மவன் கட்டிகினு கீறான்?”

பெண்கள் சிரித்தார்கள். தனகோடி சிரிக்கவில்லை. கண்ணகி கையை நீட்டினாள்: “எங்கம்மாவே போடட்டும்.”

சந்திரம்மா கண்ணாடி வளையலை எடுத்தாள். அது மகளின் விரல் நுனியைத் தொட்டதும் அவள் கை நின்றுவிட்டது. பக்கத்தில் வேண்டா என்ற பெயருடைய தெருக்காரி உட்கார்ந்திருந்தாள். ஐந்து பெற்று நாலைப் பறிகொடுத்தவள். அவள் கை ராசியான கை என்பது தெருவின் பேச்சு.

“நீ போடுடி வேண்டா,” என்றாள் சந்திரம்மா. “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?”

வளையலைத் தட்டில் வைத்தாள். கண்ணகியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சந்திரம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.