வீட்டுக்கு ஒருவர் கற்றால் போதும்

எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் நானும் என் கணவரும் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தோம். ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அவருடைய கை நல்ல கை. டிரேசிங் தாளில் அவர் மைக்கோடு இழுத்தால் தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் கனம் மாறாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தேன்.

பொறியாளர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கண்ணாடித் தடுப்பு போட்டு, குளிர்சாதனம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். அதில் கட்டடம் வரையப் பழக மதுரைக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னபோது, எங்கள் இருவரையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"ஏம்மா, பொம்பளப்புள்ள மதுரையில போயி எங்கன தங்குவ? வீட்டுக்கு ஒராளு கத்துக்கிட்டாப் போதும்ல."

என் கணவர் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடித்துத் திரும்பியவர் ஆங்கிலத்தில் ஒரு தடித்த நகல் புத்தகத்தோடு வந்தார். அலுவலகத்தில் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. மேசையில் நாங்கள் கட்டடத்தைச் சுருக்கி வரைந்து பழகியவர்கள். கம்ப்யூட்டரிலோ சுவரை அதன் முழு நீளத்துக்கே வரைய வேண்டும், சுருக்குவதெல்லாம் அச்செடுக்கும்போதுதான். அவர் சுருக்கிய அளவையே தட்டித் தட்டித் திணறினார். கண்ணை நம்பியே வேலை செய்தவர். இரண்டு கோடுகள் சேர்ந்ததுபோலத் தெரிந்தால் சேர்ந்தாயிற்று என்று விட்டுவிடுவார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அவர் வீட்டில் தூக்கிப் போட்ட புத்தகத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மதியம் பொறியாளர் சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தேன். "போயிப் பாரு, நான் வெளிய பாத்துக்கிறேன்" என்று என் கணவரே சொன்னார். அன்று அது அன்பு என்று நினைத்தேன்.

ஒன்றின்மேல் ஒன்று வைத்த டிரேசிங் தாள்கள்போல, சுவர்களை ஓர் அடுக்கில், கதவு ஜன்னல்களை வேறோர் அடுக்கில் வைக்கக் கற்றேன். பாதிக் கட்டடத்தை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிபோலத் திருப்பி எடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். முதல் தடவை அறைகளின் பெயர்களும் சேர்ந்து இடம்வலமாகத் திரும்பிவிட, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கரண்ட் போய் ஒரு மதியத்து வேலை அழிந்த பிறகு, அவ்வப்போது பதிந்துவைக்கப் பழகினேன்.

அப்போதுதான் தேவாரத்து வியாபாரி ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட வந்தார். நடுக்கூடம் உயர்ந்து, சுற்றிலும் ஓட்டுச் சாய்ப்பு இறங்க வேண்டும்; கட்டும் முன்பே அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பொறியாளர் என் கணவரைக் கைகாட்டினார். அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"நீ போட்டுக் குடுத்துரு" என்றார்.

போட்டேன். தரைக்கோடுகளுக்கு உயரம் கொடுத்துச் சுவராக்கினேன். சாய்ப்பின் ஒவ்வொரு முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பரப்புகளை இணைத்தேன். பின்னால் இருக்கும் கோடுகளை மறைக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். திரை நெடுநேரம் இருண்டு கிடந்தது; பிறகு மண்டபம் முழுசாக எழுந்து நின்றது.

வியாபாரி என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அந்த அச்சுகளைக் காட்டித்தான் வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

கிளம்பும்போது, "நீ போட்டதுன்னு யார்ட்டயும் சொல்லிறாத. எம் பொழப்பு அதுலதேன் இருக்கு" என்றார். சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைத்த பொறியாளர், "ஒம் புருசன் மாதிரி ஒரு ஆளு கெடைக்க மாட்டேங்குறானே" என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் வரைகிற சாய்மேசையில் குனிந்துகொண்டேன்.

ஒருநாள் காலை அலுவலகத்துக்கு வெளிநாட்டுப் போன் வந்தது. பொறியாளர் எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"நாந்தேன். அந்தக் கூரைய எப்புடி நிறுத்துன? இங்கன எனக்கு நிக்க மாட்டேங்குது. பக்கத்துல ஆளுக பாத்துக்கிட்டே இருக்காக."

பொறியாளர் எதிரில் நின்றார். ஆனால் போனில் என் கணவரின் குரல் நடுங்கியது. நான் சொல்லத் தொடங்கினேன்.

"மொதல்ல கீழ இருக்கிற கோடெல்லாம் ஒன்னோட ஒன்னு சேந்திருக்கான்னு பாருங்க."

"எல்லாஞ் சேந்துதேன் இருக்கு."

"பெருசாக்கிப் பாருங்க."

மறுமுனையில் விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சேரல" என்றார். போன் அறுந்துவிட்டது.

"அப்ப மண்டபம் நீ போட்டதா?" என்று பொறியாளர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போய்க் கம்ப்யூட்டர்மேல் கிடந்த துணியை எடுத்தார்.

"தேவாரத்துக்காரருக்குத் தெரிய வேணாம்மா. பொம்பள போட்ட பிளானுன்னா மனசு சங்கடப்படுவாரு. நீ நாளைல இருந்து உள்ள ஒக்காரு."

உட்கார்ந்தேன். அந்த மாதங்களில் நான் போட்ட எந்தப் படத்திலும் மூலையில் என் பெயர் வரவில்லை. ஆனாலும் காலையில் எழும்போதே கை பரபரக்கும். என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த காலம் அதுதான்.

மழை தொடங்கியபோது அவர் திரும்பி வந்துவிட்டார். உறவுக்காரர்களிடம் அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். என்னிடம் வேறு மாதிரி பேசினார்.

"பாதியச் சொல்லிக் குடுத்து மீதிய அமுக்கிக்கிட்டேல்ல?"

"போறதுக்கு முன்னால நீங்க எப்பங்க எங்கிட்டக் கேட்டீக?"

"ஒங்கிட்ட நான் கேக்கணுமாக்கும்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள், "நீ அங்கன போயி ஒக்காந்தா நான் தெருவுல எப்புடி நடக்குறது?" என்றார். அவர் அம்மாவும் என் அம்மாவும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் கெஞ்சினார்கள். வேலையை விட்டேன்.

போடியில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை வைத்தோம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கம்ப்யூட்டரில் எடுத்த பிளானை மேசைமேல் விரித்து, இதில் மாடிப்படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குனிந்து பார்ப்பதற்குள் என் கணவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவளுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க. இங்கிட்டுக் காட்டுங்க."

நான் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கப் போனேன். அவர் எனக்குச் செய்த மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மன்னிக்க முடியவில்லை; முயன்றதும் இல்லை.