மூன்று பிரதி, ஒரு சாவி

என் மனைவியின் குரல் நாற்பத்து மூன்று ஒலிப்பதிவுகளாக என்னிடம் இருக்கிறது. ஒன்றைக்கூட என்னால் கேட்க முடியவில்லை.

அவள் சிகிச்சைக்குப் போய்வந்த கடைசி வருடத்தில் கைபேசியில் பதிந்தவை. பாதிக்கு மேல் என்னைத் திட்டுவதுதான். கணினிக்கு மாற்றி, மூன்று வன்தட்டுகளில் பிரதி எடுத்தேன். இரண்டு ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டில், ஒன்று பேர்கன் நகரத்தில் இருக்கும் மகளிடம். எங்கள் கட்டடத்தின் நிலவறையில் ஒருமுறை களவு போயிருந்தது. எவனோ ஒருவன் அவள் இருமுவதைக் கேட்பானே என்று பயந்து மூன்றையும் குறியாக்கம் செய்து பூட்டி, கைபேசியிலும் கணினியிலும் இருந்ததை அழித்தேன். திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்கச் சாவி. கணினியே அதை நினைவில் வைத்துத் திறந்துவிடும். நான் ஒருநாளும் தட்டச்சு செய்ததில்லை.

மகளின் தொழிலே கணினிதான். சாவியை இரண்டு இடத்தில் எழுதி வைக்கச் சொன்னாள். இரண்டு தாள் என்றால் களவுக்கு இரண்டு வழி என்று கணக்குப் போட்டு, ஒரே தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். முக்கியமான எதையும் அவள் சேலை மடிப்புக்குள்தான் வைப்பாள்.

அவள் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் வழக்கப்படி அவளுடைய சேலைகளை உறவுப் பெண்களுக்குக் கொடுத்தோம். இருபத்தாறு சேலைகள். நானே எண்ணிக் கொடுத்தேன். ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமையில் கணினி பழுதானது. புதியது சாவியைக் கேட்டபோதுதான் தாள் நினைவுக்கு வந்தது. சேலை வாங்கிய ஐந்து பேருக்கும் தொலைபேசி எடுத்தேன். மறுநாள் மனைவியின் தங்கை ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே காய்ந்து இறுகிய தாள் உருண்டை.

“நூல் சேலைதானே எண்டு மெஷினிலை போட்டிட்டன், அத்தான்” என்றாள். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஊசியால் பிரித்து, உருப்பெருக்கியால் பார்த்தேன். பத்தொன்பது இலக்கங்கள் தெரிந்தன. மகளிடம் சொன்னேன்.

“மிச்சம் இருபத்தொன்பது, அப்பா. எந்தக் கணினியாலையும் ஏலாது.”

“பிறகு ஒரு காலத்திலை?”

“அது தெரியாது அப்பா” என்றாள். எனக்கு எழுபத்தெட்டு வயது.

வன்தட்டும் பழுதாகும் பொருள்தான். அதனால் சென்ற கிழமை நான்காவது ஒன்று வாங்கினேன். மகள் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்ல, பூட்டியிருப்பதை அப்படியே அதிலும் பிரதி எடுத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆறு மணித்தியாலம் பிடித்தது. முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.