ஒரு நோவுக்கு ஐந்து கொப்பி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் ஆடி மாதத்தில், திருகோணமலை டவுனில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. டவுனில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வீடு உப்புவெளியில்.

நோவு அதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. இடது பக்க நெஞ்சில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல வரும். சில நாள் முதுகுக்குப் போய்த் தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும். சில நாள் கைவழியே இறங்கிச் சுண்டுவிரல் வரை விறுவிறுக்கும். என் அப்பா நாற்பத்துநான்கு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், பிறகு எழும்பவே இல்லை. ஆகவே எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் முறை வந்துவிட்டது, டொக்டர்மார் கண்டுபிடிக்கத்தான் நேரம் எடுக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர்கள் நித்திரை கொள்ளும்போது பார்த்துப் பார்த்துக் கண் கலங்குவேன். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் டொக்டரிடம் போகும்போது நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கொண்டுபோவது வழக்கம். அவர் பார்த்ததையும் கொடுத்த மருந்தையும் அதில் எழுதுவார். வேறொரு டொக்டரிடம் போனாலும் அதே கொப்பியைத்தான் நீட்ட வேண்டும். நான் டொக்டருக்கொரு புதுக் கொப்பி வாங்கினேன். பழையதைக் காட்டினால், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது போல இவரும் அதையே எழுதிவிடுவார், கெட்டிக்காரர் என்றால் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது என் எண்ணம். இப்படிச் செய்கிறவன் நான் ஒருவன் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் டொக்டருக்கே சோதனை வைக்கிறவர்கள்தான்.

அது போதாதென்று இன்னொரு கெட்டித்தனமும் பண்ணினேன். இதய டொக்டரிடம் நெஞ்சு நோவை மட்டும் சொன்னேன். எலும்பு டொக்டரிடம் முதுகை மட்டும். நரம்பு டொக்டரிடம் சுண்டுவிரலை நீட்டினேன். பல் டொக்டரிடம் போய்க் கால் நோவைச் சொல்வோமா? இதயம் நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர். தசைப்பிடிப்பு என்றார் மற்றவர். விற்றமின் குறைவு என்று குளிசை தந்தார் இன்னொருவர். நாலாவது ஆள் வாயு என்று சொல்லிப் பருப்பை நிற்பாட்டச் சொன்னார். பருப்பை விட்டேன், நோவு என்னை விடவில்லை.

ஐந்தாவது கொப்பியோடு அன்று அந்தக் கிளினிக்குக்குப் போனேன். சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு பெண் டொக்டர் வருகிறார், ஆறுதலாகப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நெஞ்சு நோவு என்றதுமே தாதி என்னை ஈசிஜி அறைக்கு அனுப்பிவிட்டார். ஈசிஜி எடுப்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். காலில் வயரைப் பூட்டப் போனவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன், நீங்க இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் வந்தீங்கதானே?"

"இல்லையே" என்றேன். பச்சைப் பொய். முன்பு இரண்டு டொக்டர்மார் ஈசிஜி எடுக்க அனுப்பியதும் இங்கேதான்.

"இந்தத் தழும்ப நான் மறக்கல்ல" என்று என் கணுக்காலைக் காட்டினார். சின்ன வயதில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு. படுத்த படுக்கையில் பிடிபட்டுப்போனேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. அன்றைய ஈசிஜியைக் கையோடு டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

"அவசரமா ஒண்ணும் இல்லயாம். பழைய கொப்பியெல்லாம் வீட்டுல வெச்சிருக்கீங்களே, வருத்தம் உங்களுக்கா, அலுமாரிக்கா? போய் எடுத்துட்டு வாங்க. உங்கட நம்பரக் கடைசிக்கு மாத்தி வைக்கிறன்."

அவருக்கு என்ன தலையெழுத்து? ஈசிஜி எடுத்துத் துண்டைக் கிழித்துத் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து, பூனை மாதிரி அறைக்குள் போய் அலுமாரியில் சேர்ட்டுகளுக்கு அடியில் கைவிட்டேன். ஒன்றும் இல்லை. திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு சீலைப் பை. உள்ளே நாலு கொப்பியும் திகதி வாரியாக அடுக்கி, ஈசிஜித் துண்டுகளும் செருகி, ரப்பர் பட்டி போட்டிருந்தது.

"இதைத்தானே தேடுறீங்கள்? நில்லுங்கோ, நானும் வாறன்" என்றாள்.

டொக்டர் மேசையில் ஐந்து கொப்பிகளையும் வரிசையாக விரித்து வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கதிரையில் குறுகிப்போய் இருந்தேன்.

"அஞ்சிலயும் பெயர் ஒண்டு. வருத்தம்தான் அஞ்சு பேரின்ர மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார்.

பிறகு மனைவி கதைக்கத் தொடங்கினாள். இடது கையால் பொத்தான் போடக் கஷ்டப்படுகிறேனாம். கடையில் சின்னத் திருகாணிகள் விரலுக்குள் நிற்காமல் நழுவுகின்றனவாம். நித்திரையில் கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தால்தான் முனகல் நிற்கிறதாம். நானே கவனிக்காத விஷயமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

என்ன வேலை என்று டொக்டர் கேட்டார். சொன்னபோது எனக்கு முகம் சுட்டது. என் கடைக்கு வரும் மீன்பிடிக்காரர், கடலுக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்து, தண்ணீர் படவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார்கள். திறந்தால் உள்ளே உப்புப் பூத்திருக்கும். உண்மையைச் சொன்னால்தானே திருத்தலாம் என்று எத்தனை பேரை ஏசியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் தலையைக் குனிந்தபடி இருக்கிறேன் என்றதும் டொக்டர் எழும்பி வந்தார். என் தலையை இடப்பக்கம் சரித்து, மேலிருந்து மெல்ல அமுக்கினார். கழுத்திலிருந்து தோள்பட்டை, நெஞ்சு, சுண்டுவிரல் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சுள்ளென்று இழுத்தது.

"இதுதான்! இதேதான் டொக்டர்!" என்று கத்திவிட்டேன். நோவு வந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு விலகி நரம்பை நெரிக்கிறது என்று அவர் சொன்னார், பிறகு எடுத்த ஸ்கானும் அதையே காட்டியது. நெஞ்சு நோவென்று ஓடி வந்தது சரிதான், இனியும் வந்தால் ஓடி வாங்கோ, ஆனால் முழுக் கதையையும் கொண்டு வாங்கோ என்று சொல்லியனுப்பினார். வெளியே ஈசிஜிப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன். "உங்கட கால் தழும்புக்குச் சொல்லுங்க" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சில மாதம் கழுத்துக்குப் பயிற்சி செய்தேன். கடை மேசையை ஒரு சாண் உயர்த்தினேன். இப்போது நோவு எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது. ஆனால் எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அன்று ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பிய நேரம். எப்போதிருந்து தெரியும் என்று மனைவியிடம் கேட்டேன்.

"ரெண்டாவது கொப்பியில இருந்து."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா, ஓம், அப்பாவுக்கு வந்ததுதான் எண்டு சொல்லிப்போடுவீங்களோ எண்டு பயம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், அவ்வளவு நேரமும் அழாதவள்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், அதே கட்டிலில் அவளும் தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள். இன்று எனக்குத் தும்மல் வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்கிறேன், போதும் நிற்பாட்டுங்கோ என்று அவள் கையெடுத்துக் கும்பிடும் வரைக்கும் சொல்கிறேன்.