இருபத்தொன்பது அங்குலச் சில்லு

பதினைந்து வருடமாக என் உயரம் என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றே சொல்லிவந்தேன். கணிதம் படிப்பிக்கிற ஆள் நான். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலே பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டுவேன். என் சொந்த உடம்பில் மூன்றரை அங்குலத்தை வெட்டிவிட்டு மட்டும் ஒன்றும் தெரியாதவள்போல இருந்தேன். உண்மை ஆறடி அரை அங்குலம். அதாவது, அதுதான் உண்மை என்று அப்போது நம்பியிருந்தேன்.

பொய்யைத் தொடக்கி வைத்தது அம்மா. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய காலத்தில் சாதகத்தோடு ஒரு துண்டில் படிப்பு, உத்தியோகம், நிறம், உயரம் எல்லாம் எழுதித் தரகரிடம் கொடுக்கவேண்டும். முதல் நான்கு பேச்சுக்காலும் உயரம் என்ற வரியிலேயே நின்றுபோயின. சாதகப் பொருத்தம் பார்க்கிற அளவுக்குக்கூட ஒருவரும் போகவில்லை. ஐந்தாவது துண்டை அம்மா தன் கையால் எழுதினார். அதில் நான் ஐந்தடி ஒன்பதாக இருந்தேன். அதுவும் ஊருக்கு அதிகம்தான், ஆனால் பேசித் தீர்க்கக்கூடிய அதிகம்.

பெண் பார்க்க ஒரு பிள்ளையார் கோயிலுக்கு வரச்சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு உடுப்பிட்டியில் சொந்த மரக்காலை. கதவு, யன்னல், நிலை எல்லாம் அவரே செய்து கொடுப்பார். உயரம் ஐந்தடி ஐந்து. நான் அன்றைய பூசை முழுக்கச் சீலைக்குள் முழங்கால்களை மடக்கிக்கொண்டு நின்றேன். தீபம் காட்டி, திருநீறு கொடுத்து, ஐயர் உள்ளே போகும்வரைக்கும் அப்படியே. தொடை நடுங்கியது. மற்றப் பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டுமென்று கும்பிட்டிருப்பார்கள். பூசையைக் கெதியாக முடித்துத் தா என்பதுதான் என் வேண்டுதல். கலியாணம் ஒப்பேறியது. கலியாணப் படத்தில் நான் கதிரையில் இருக்கிறேன், இவர் பக்கத்தில் நிற்கிறார்.

அதன்பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது என் வேலையாகிவிட்டது. தோளைக் குறுக்கினேன். முதுகை வளைத்தேன். வாசலைக் கண்டால் குனிந்தேன். அம்மா வீட்டுக் குசினி வாசல் மெய்யாகவே தாழ்வானது. அங்கே பழகிய குனிவு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது, நாங்கள் புதிதாகக் கட்டிக் குடிபுகுந்த வீட்டு வாசலுக்கும் வந்தது. அளவு எடுத்துப் பிழைக்கிற மனிதரோடு பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்கு என் உயரம் தெரியாது என்று நான் நம்பியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது முழங்கால்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்பது வீட்டுக்குப் பொது. வாசலில் நிற்பதை அவசரத்துக்கு யாரும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் சீற்றை ஒருவருக்கு ஏற்றபடி உயர்த்துகிற வழக்கம் இல்லை. இருந்தபடி இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும், அதுதான் சட்டம். எங்கள் இருபத்தாறு அங்குல லேடீஸ் சைக்கிளில் சீற் இவருடைய காலுக்கு அளவாக இருந்தது. அதை வைத்துத்தான் தினமும் வல்லைவெளியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். மரமே இல்லாத அந்த வெட்டவெளியில் காற்று எதிரே வந்தால் ஆளை நிறுத்திவிடும். அதில் முழங்கால் நெஞ்சுக்கு வர வர உழக்கினால் என்ன ஆகும்? இரண்டு முழங்காலும் வீங்கின. டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலை நீட்டி உழக்கக்கூடிய சைக்கிள் வாங்குங்கள், இல்லையென்றால் சைக்கிளை விட்டுவிடுங்கள் என்றார். சீற்றை உயர்த்திப் பார்த்தோம். கம்பி முழுதாக வெளியே வந்த பிறகும் போதவில்லை.

ஸ்கூட்டி வாங்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் ஒரு நாள்கூடப் பிந்தாமல் பள்ளிக்கூடம் போன ஆள் நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் என் உயரத்துக்குச் சரியான சைக்கிள் வாங்கினால் அந்த உயரம் வாசலில் எல்லாரும் பார்க்க நிற்கும். இவரும் பார்ப்பார். ஒன்றில் சைக்கிளை விடவேண்டும், இல்லாவிட்டால் பொய்யை விடவேண்டும். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை.

மவுண்டன் சைக்கிள் பார்ப்போம் என்றது இவர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குழி இருக்கிறதுதானே என்றார். அதுவும் சரிதான், எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒழுங்கை மாரி மழையில் அரைக் குளம்.

ஒரு சனிக்கிழமை காலை இவருடைய மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனோம். ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டுக்கு மேலால் நான்தான் றோட்டைப் பார்த்துக்கொண்டு போவேன், அது எங்களுக்குப் பழக்கம். பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத்துத் தெருவில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், தானும் சைக்கிள் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவர். வியாபாரப் பேச்சு இல்லை, விளக்கமாகச் சொன்னார். மூன்று சில்லு அளவு இருக்கிறது: இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது. சிறிய சில்லு சட்டென்று திரும்பும், ஒழுங்கை முடக்குக்கு நல்லது. பெரிய சில்லு திரும்பக் கொஞ்சம் சுணங்கும், ஆனால் குழியை மதிக்காமல் மேலால் உருண்டு போகும், ஒருமுறை வேகம் எடுத்தால் காற்றிலும் விடாது. உயரமான ஆள் சின்னச் சில்லில் ஏறினால் சைக்கிளுக்கு மேலே இருப்பார், பெரிய சில்லில் ஏறினால் சைக்கிளுக்கு உள்ளே இருப்பார். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அக்கா, உங்கடை உயரம் எவ்வளவு? சரியாய்ச் சொல்லுங்கோ, அதிலைதான் எல்லாம் இருக்கு."

"ஐஞ்சடி ஒன்பது," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கண்ணுக்கு நேரே அவருடைய உச்சி இருந்தது.

"நானே ஐஞ்சடி ஒன்பதுதான் அக்கா," என்றார் மெதுவாக.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நான் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் எப்போதும் வருகிற கோபம். அப்படியென்றால் உங்களை யாரோ பிழையாக அளந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம், மனிதர் இருபத்தாறை வெளியே எடுத்து வைத்தார். இவர் கடைச் சுவரில் தொங்கிய செயின்களை ஆராய்ந்துகொண்டு நின்றார்.

இருபத்தாறில் ஏறி எதிர்க்கடைக் கண்ணாடியில் பார்த்தேன். சர்க்கஸ் கரடி. இறங்கிவிட்டேன். இருபத்தேழரையில் தெரு முனைவரை போய்வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் முன்னைப்போல மேலே வரவில்லை, ஆனால் முழுதாக நீளவும் இல்லை. ஐந்தடி ஒன்பதுக்கு இது போதும் என்றார் கடைக்காரர், ஐந்தடி ஒன்பது என்பதைக் கொஞ்சம் அழுத்தி. சீற்றை இறக்கினால் வீட்டில் இவரும் ஓட்டலாம். நியாயம் எல்லாம் இருபத்தேழரைப் பக்கம்தான் இருந்தது.

கடையின் பின்சுவரில் கரும்பச்சை நிறத்தில் ஒன்று கொளுவியிருந்தது. இருபத்தொன்பது அங்குலச் சில்லு, பெரிய பிறேம். அது யாருக்கு என்று கேட்டேன். ஆறடிக்கு மேற்பட்ட ஆளுக்கு அக்கா, இங்கே யார் இருக்கிறார்கள், வந்ததிலிருந்து தொங்குகிறது என்றார். நான் இருபத்தேழரையின் காண்டிலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். எனக்கு அதுதான் வேண்டுமாக இருந்தது. இந்த நாற்பத்திரண்டு வயதுக்குள் எந்தப் பொருளுக்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனாலும் இருபத்தேழரைக்கே பில்லைப் போடச் சொன்னேன்.

"ஆறடி ஒண்டு, தம்பி," என்றார் இவர், செயின்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பெரிசை இறக்குங்கோ."

கடைக்காரர் ஏணியை எடுக்கப் போனார். எனக்கு முகம் சுட்டது. அந்த நிலையிலும் என் கணக்குப் புத்தி, ஆறடி அரை, இவர் அரை அங்குலம் கூட்டிவிட்டார் என்று குறித்துக்கொண்டது.

கடைக்காரர் சீற்றை உயர்த்திப் பிறேக்கைச் சரிபார்க்கும்வரை நாங்கள் வெளியே நிழலில் நின்றோம். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"கோயிலிலை பாத்த அண்டைக்கே தெரியும்," என்றார். "நீர் நிக்கேக்கை சீலைக்கரை நாலு விரல் நிலத்திலை மடிஞ்சு கிடந்தது. நடக்கேக்கை நிலத்திலை முட்டவே இல்லை. பூசை முடியுமட்டும் முழங்காலை மடக்கிக்கொண்டு நிண்டனீர். எனக்கெண்டால் ரெண்டு நிமிசம் ஏலாது. கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் எண்டு அம்மாவிட்டைச் சொன்னன்."

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். வேறென்ன செய்வது, அழுகையை விடக் கோபம் எனக்குச் சுலபம். சொல்லாமல் என்ன, வீடு கட்டும்போதே சொன்னேனே என்றார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் வாசல் நிலை ஆறேகால், ஆறரை அடி. எங்களுடையதை மட்டும் ஏழடிக்குப் போட்டாராம். மேசனார்கூட ஏன் என்று கேட்டாராம்.

"அதுக்குக் கீழையும் குனிஞ்சுதான் போனீர். பேந்து நான் என்ன செய்யிறது?"

நான் கடைக்குள் போய்ச் சைக்கிளை வெளியே உருட்டிவந்தேன்.

வீடுவரை புதுச் சைக்கிளிலேயே போகிறேன் என்றேன். இவர் மறுக்கவில்லை, பின்னால் மெதுவாக மோட்டார் சைக்கிளில் வந்தார். கோப்பாய் தாண்டும்வரை ஆட்டம்தான். அந்த உயரம் பழக்கமில்லை, முடக்கில் சில்லு நான் நினைத்ததைவிடச் சுற்றிப் போனது. நீர்வேலியில் பிடிபட்டுவிட்டது. கால் கீழே போகும்போது முழுதாக நீண்டது. என் கால் இவ்வளவு நீளம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வல்லைவெளியில் காற்று வழக்கம்போல எதிரே வந்தது. நான் கியரைக் குறைத்து, நிற்காமல் உழக்கினேன். பெரிய சில்லு நின்றால்தானே. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். எனக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது, சிரித்தும்விட்டேன். வெளியில் கேட்க யார் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. இவருடைய அளவு நாடாவை எடுத்து வாசல் நிலையை அளந்தேன். அளக்காமல் எதையும் நம்புகிற பழக்கம் எனக்கில்லை. ஏழடி, ஒரு நூல் குறையவில்லை. சரி, இது உங்கள் கணக்கு, ஆனால் என் உயரத்தில் அரை அங்குலம் பிழைவிட்டிருக்கிறீர்கள் என்றேன். பதினெட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் அளந்தபோது ஆறடி அரை, அது எனக்கு நன்றாக ஞாபகம்.

இவர் உள்ளே போய் ஒரு முக்காலியும் பென்சிலும் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றி, நிலைக்கு முதுகு கொடுத்து நிற்கச் சொன்னார். முக்காலியில் ஏறி என் தலைமேல் மூலைமட்டத்தை வைத்தார்.

"நிமிந்து நில்லும்."

நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்றேன்.

"இல்லை. இன்னும் கிடக்கு."

குதியைச் சேர்த்தேன். தோளை விட்டேன். முதுகை மரத்தோடு வைத்தேன். முதுகு எங்கேயோ ஓரிடத்தில் நெட்டி முறித்தது. பென்சில் கோடு விழுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இவர் இறங்கி நாடாவைப் பிடித்துவிட்டு என்னிடமே நீட்டினார். ஆறடி ஓர் அங்குலம்.

பதினெட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் அளந்தபோதே நான் குனிந்துதான் நின்றிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் சைக்கிள் இரவல் கேட்டு வந்தார். சீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்தே கடைக்குப் போனார். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவருக்கு மட்டும் அளவான பொருள் அது. குனிகிற பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. இன்றைக்கும் சில காலைகளில் அவசரத்தில் தலை தானாகத் தாழ்கிறது. அப்போது கண் அந்தப் பென்சில் கோட்டைத் தேடி மேலே போகிறது. இவர் அதற்கு மேலே வார்னிஷ் அடித்துவிட்டார், அழியாது. அந்தக் கோட்டுக்கு மேலே இன்னும் பதினொரு அங்குலம் வெறுமையாக இருக்கிறது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளை வெளியே எடுக்கிறேன்.