பாபநாசத்தில் இறங்கிய ஏற்காட்டுக் காப்பி

பாபநாசம் கடைத்தெருவில் எனக்குக் காப்பித்தூள் கடை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டில். அத்தானுக்கு அங்கே சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். விளைவதெல்லாம் சேலத்து வியாபாரி ஒருவர் மூலம் அமெரிக்காவுக்குப் போய்விடும். எனக்கு ஒரு மூட்டைகூடத் தந்ததில்லை. டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்க நான் சிக்கரி கலப்பவன். அது அவருக்குப் பிடிக்காது.

அமெரிக்கா நம் சரக்குக்கு இறக்குமதி வரியை ஏற்றிய வருஷம், வியாபாரி கொள்முதலை நிறுத்திவிட்டார். நல்ல விலை வரட்டும் என்று அத்தான் அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் மலைச் சாரலில் நமத்துப்போகத் தொடங்கின. ஒருநாள் காலை அத்தனையையும் வேனில் ஏற்றிக்கொண்டு என் கடை வாசலில் வந்து இறங்கினார்.

"சிக்கரி கலக்காம வித்துக் குடு மாப்ளே. அது போதும்."

கலக்காமல் விற்றேன். குறுவை அறுவடை நேரம். வாடிக்கையாக வாங்கும் விவசாயி ஒருவர் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"என்னங்க, டிகாக்‌ஷன் தண்ணியா இறங்குது?"

அத்தான் முன்னால் வந்து அமெரிக்க வரியை முதலிலிருந்து விளக்கினார். விவசாயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. அவன் வரி போட்டா எங்க வீட்டுக் காப்பி ஏங்க தண்ணியாவணும்?"

விவசாயி கோபமாக இல்லை. கொள்முதல் நிலையத்தில் அவர் நெல்லை ஈரம் அதிகம் என்று எடுக்கவில்லையாம். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் வரை ஈரத்தைப் பற்றியே பேசினார்கள். அவர் போனதும் அத்தான் எழுந்தார்.

"கொஞ்சம் கலந்துக்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, நான் கலப்பதைப் பார்க்காமல் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு தூள் நன்றாகப் போனது. கடைசி மூட்டையும் காலியான சமயத்தில் அமெரிக்கா காப்பிக்கான வரியை எடுத்துவிட்டது. கணக்குத் தீர்க்க வந்திருந்த அத்தானை வியாபாரி போனில் பிடித்தார்.

"சரக்கு இல்லீங்க. எல்லாத்தையும் பாபநாசத்துலயே குடிச்சுட்டாங்க."

பேரம் பேசுகிறார் என்று நினைத்து வியாபாரி விலையை ஏற்றினார். அத்தான் மறுபடி இல்லை என்றார். மறுபடி ஏற்றினார். போனை வைத்த அத்தான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்ததால் மறுநாளே கிளம்பிவிட்டார். புது அறுவடையில் பெரும்பங்கு சேலத்துக்குப் போனது. சில மூட்டைகள் மட்டும் எனக்கு வந்தன. "இனிமே வருஷா வருஷம் அனுப்பச் சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா. வரியைப் பற்றிக் கேட்டால் அத்தான் இப்போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசுகிறார்.