கசங்க வேண்டிய தாள்

நேற்று மழையில் கடையிலிருந்து வந்தபோது பிறவுண் பேப்பர் பையின் அடி நனைந்து, தக்காளி எல்லாம் வாசலில் உருண்டது. குனிந்து பொறுக்கும்போது அந்த மணம் வந்தது. நனைந்த பிறவுண் பேப்பர் மணம். உங்களுக்கு அது எதை நினைவூட்டுமோ தெரியாது; எனக்கு எரிச்சல்தான் வரும்.

யாழ்ப்பாணத்தில் தவணை தொடங்கினால் கொப்பிகளுக்குப் பிறவுண் பேப்பரில் உறை போட வேண்டும். ஒரு மூலை கசங்கினாலும் ரீச்சர் கொப்பியைத் தூக்கி வகுப்புக்கே காட்டுவா. வாய் திறக்கப் பயந்த பிள்ளை நான். உறையாவது என்னைக் காப்பாற்றட்டும் என்று விரலால் தேய்த்துத் தேய்த்து நேராக்குவேன். படிப்பு பெரிதாக ஏறவில்லை. அந்தப் பழக்கம் மட்டும் விமானமேறி ஓக்லாந்து வரை வந்துவிட்டது.

ஓக்லாந்தின் தெற்கே பாபடோயிட்டோயில் வாடகைக்கு இருந்த காலம். மகள் மதுராவுக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வருகிறேன், சமையலறை மேசையில் ஒரு பிறவுண் பேப்பர் கசங்கிச் சுருங்கிக் கிடக்கிறது. மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியது என்று மட்டும் தெரியும். பதறிப்போய் அயன் பெட்டியைச் சூடாக்கி, கொப்பி உறை மாதிரி வழுவழுப்பாக்கி வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மகள் வந்து பார்த்தாள். "அம்மா! ஒய்? இட்ஸ் எ ட்ரீ!"

மெக்சிக்கோவில் நாவா மக்கள் மரப்பட்டையை அடித்துச் செய்த தாளில் பறவையும் பூவும் தீட்டுவார்களாம். அந்தப் பட்டை போல வரவேண்டும் என்றுதான் பிள்ளை காலை முழுக்க நனைத்து, கசக்கி, விரித்துக் காயவைத்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? தாளைக் கசக்கச் சொல்லும் பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை.

இவர் கதவடியில் நின்று சிரித்தார். "இஞ்சேரும், பின்வளவு மரத்தையும் ஒருக்கா அயன் பண்ணிவிடுமன்."

"நீங்கள் சும்மா இருங்கோ. டெய்ரியிலை ஒரு பை வாங்கிக்கொண்டு வாறன்."

அப்போது கடைகளில் எல்லாம் பிளாஸ்டிக் பைதான். மூலையிலிருந்த டெய்ரியில், அதுதான் தெருமுனைச் சின்னக் கடையில், மட்டும் கல்லாவுக்குப் பின்னால் பிறவுண் பைகள் தொங்கின. கண்ணால் கண்டேன், கேட்க நா எழவில்லை. சாண்ட்விச்சுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போய்ப் பால் வாங்கினேன். இரண்டையும் பிளாஸ்டிக்கில் போட்டுத் தந்தார்கள்.

"பாணிலையோ குருவி கீறப் போறா?" என்றார் இவர்.

அயன் பண்ணிய தாளையே திரும்ப நனைத்துக் கசக்கினேன். நடுவால் கிழிந்தது. மதுரா அழவில்லை. ஒரு துண்டில் மட்டும் சிவப்புப் பறவை ஒன்றைத் தீட்டி, "இட்ஸ் ஃபைன், அம்மா" என்று புத்தகப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவளுடைய பள்ளி வேலை எதுவும் சமையலறை மேசைக்கு வரவில்லை. அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பிறவுண் பைதான். மூலை பிசகாமல் மடித்து அலுமாரி நிறைய அடுக்கியிருக்கிறேன். மதுரா நகரின் மறுகோடியில், ஆல்பனியில் வேலை செய்கிறாள்; வந்தால் மேசையில் போனை மட்டும் வைப்பாள்.

நேற்று தக்காளியைக் கழுவிவிட்டு, நனைந்த பையைக் கசக்கி விரித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து, மரப்பட்டை போலவே வந்தது. மேசையில் காயப் போட்டேன்.

இவர் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து, "இந்தக் குப்பையை எடுக்கட்டோ?" என்றார்.

"அங்காலை இருந்து சாப்பிடுங்கோ. இடம் இருக்குத்தானே."

இடம்தான் இருக்கிறது, மேசை முழுக்க.